மூன்றாம் ஆண்டோடு முடிப்பதா, நான்காம் ஆண்டும் இருப்பதா?

பட்டம் வாங்கத் தேவையான கிரெடிட் (பாடங்களுக்குத் தரப்படும் மதிப்பலகு) எல்லாம் சேர்ந்த பிறகும் இன்னும் ஓராண்டு அதே கல்லூரியில் இளங்கலையே படிக்கலாமா? தமிழ்நாட்டில் கலை, அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. இங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். எல்லாம் மூன்று ஆண்டு. ஆறாவது செமஸ்டர் முடிந்தால் எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். ஆனால் இங்கிருந்து டெல்லி பல்கலைக்கழகத்துக்கும், தேசியக் கல்விக் கொள்கைப்படி பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்ட மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் போன பிள்ளைகள் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் இந்த முடிவை எடுத்தே ஆக வேண்டும். 2022இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் எழுதிச் சேர்ந்த அணிதான் டெல்லியில் இதை முதலில் எதிர்கொண்டது. 2025 கோடையில் ஒரு பகுதியினர் பட்டத்தோடு வெளியேறினார்கள், மற்றவர்கள் ஏழாவது செமஸ்டருக்குத் தங்கினார்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். "எல்லாப் பிள்ளைகளும் மூணு வருஷத்துல முடிக்குது, நீ ஏன்ப்பா நாலு?" என்று கேட்டால் பிள்ளையாலும் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. நான்காம் ஆண்டு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அடுத்து எங்கே நுழையப் போகிறீர்கள், அந்த இடம் நான்காம் ஆண்டைக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். போகும் இடத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் பெரும்பாலானவர்களுக்கு விடை ஒரு மாலையில் தெளிந்துவிடும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைக் கட்டமைப்பின்படி மூன்று ஆண்டுக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்கு ஆண்டுக்கு 160. முதல் ஆறு செமஸ்டரில் 75 விழுக்காடு எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் 12 கிரெடிட்டுக்கு ஆய்வுத் திட்டம் செய்து 'ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸ்' பட்டம் பெறலாம். மற்றவர்கள் ஆய்வுக்குப் பதில் கூடுதல் பாடங்கள் படித்து ஹானர்ஸ் பெறலாம். டெல்லியில் எண்கள் கொஞ்சம் பெரியவை. செமஸ்டருக்கு 22 கிரெடிட் வீதம் மூன்று ஆண்டுக்கு 132, நான்கு ஆண்டுக்கு 176. அங்கே ஒரே பாடத்தை மையமாக வைத்துப் படிப்பவர்களுக்கு மூன்றாம் ஆண்டின் முடிவிலேயே ஹானர்ஸ் பட்டம் உண்டு. நான்காம் ஆண்டு முடித்தால் அதோடு ஆராய்ச்சி, கல்வித் திட்டப்பணி, தொழில்முனைவு என்ற மூன்றில் எந்த வழியில் போனீர்களோ அது சேரும். ஆகவே டெல்லியில் மூன்றாம் ஆண்டோடு கிளம்புகிறவர் பாதிப் படிப்போடு போகிறார் என்று வீட்டில் யாரும் கவலைப்பட வேண்டாம். அது முழுப் பட்டம்.

எத்தனை ஆண்டு என்ற கணக்கு

நான்காம் ஆண்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் காரணம், முதுகலை ஓராண்டில் முடிந்துவிடும் என்பது. மானியக் குழு 2024இல் வெளியிட்ட முதுகலைக் கட்டமைப்பு, 160 கிரெடிட்டோடு நான்காண்டு ஹானர்ஸ் முடித்தவர்களுக்கு ஓராண்டு முதுகலையை அனுமதிக்கிறது. மூன்றும் இரண்டும் ஐந்து, நான்கும் ஒன்றும் ஐந்து. காகிதத்தில் ஒரு நாளும் வீணாவதில்லை.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. ஓராண்டு முதுகலையை நடத்தியே ஆக வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கட்டாயம் இல்லை. ஜாம் தேர்வு எழுதி ஐஐடிகளில் சேரும் எம்.எஸ்சி. பொதுவாக இரண்டு ஆண்டுப் படிப்பு. நான்காண்டு முடித்துவிட்டு அங்கே போனால் மூன்றாண்டு முடித்து வந்தவர் பக்கத்தில்தான் உட்காருவீர்கள், மொத்தம் ஆறு ஆண்டு ஆகிவிடும். ஊருக்குத் திரும்பி சென்னைப் பல்கலைக்கழகத்திலோ பாரதியாரிலோ எம்.ஏ. சேர நினைப்பவர்களுக்கும் இதே நிலைதான். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டு இளங்கலை, இரண்டாண்டு முதுகலை என்ற முறையில் நடக்கின்றன. குடும்பச் சூழலால் ஊர்ப்பக்கம் வர வேண்டியிருக்கும் என்று கொஞ்சம் தெரிந்தாலும் நான்காம் ஆண்டு உங்களுக்கு உண்மையிலேயே கூடுதல் ஆண்டு, அதை ஈடுசெய்ய வழியில்லை.

பாடம் மாற நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். எந்த இளங்கலைப் பாடம் படித்திருந்தாலும் நுழைவுத் தேர்வில் வென்றால் வேறு பாடத்தில் முதுகலை சேரலாம் என்று புதிய கட்டமைப்பு சொல்கிறது. இயற்பியல் படித்தவர் பொருளாதாரத்துக்குப் போகலாம். ஆனால் பொருளாதாரத்தின் அடிப்படையை இரண்டு ஆண்டில் கட்ட வேண்டியவர் இயற்பியலில் இன்னொரு ஆண்டைச் செலவிட்டால் அந்த ஆண்டு அவரோடு புதிய பாடத்துக்கு வராது. மாறுவது உறுதியென்றால் மூன்றாம் ஆண்டோடு கிளம்புவதுதான் சரி.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள்

இங்கேதான் நான்காம் ஆண்டுக்கு உண்மையான எடை இருக்கிறது, பாதித் தகவலோடு முடிவெடுப்பதும் இங்கேதான் அதிகம்.

2022 நவம்பரில் வந்த பிஎச்.டி. விதிமுறைகள் நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு எடுத்தவர் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்கின்றன. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. 2024 ஜூன் முதல் எட்டாவது செமஸ்டரில் இருப்பவர்களும் தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதலாம். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். இருபத்தொரு வயதில் அந்தத் தொகையோடு ஆய்வுக்குள் நுழைவது பெரிய விஷயம், கஷ்டப்படும் குடும்பத்துக்கு இன்னும் பெரிய விஷயம்.

ஆனால் அந்த நெட் தேர்ச்சி ஜேஆர்எஃபுக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கும் மட்டும்தான். உதவிப் பேராசிரியர் தகுதி அதில் வராது. 2018ஆம் ஆண்டின் ஆசிரியர் நியமன விதிமுறைகள் 55 விழுக்காட்டோடு முதுகலையை அடிப்படைத் தகுதியாக வைத்திருக்கின்றன. நான்காண்டு இளங்கலையும் பிஎச்.டி.யும் இருந்தாலே போதும் என்று மாற்றும் வரைவு 2025 ஜனவரியில் வெளியானது. வரைவை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள், அரசிதழில் வந்த இறுதி விதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கல்லூரி ஆசிரியராவதுதான் ஆசை என்றால், குறிப்பாகத் தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக வர நினைத்தால், முதுகலையைத் தாண்டிக் குதிக்காமல் ஒரு எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. கையில் இருப்பது பாதுகாப்பு.

இன்னொன்று, ஆராய்ச்சிக்குப் போக நான்காம் ஆண்டு கட்டாயம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் (ஐஐஎஸ்சி) ஒருங்கிணைந்த பிஎச்.டி. மூன்றாண்டு இளங்கலை முடித்தவர்களை ஜாம் மதிப்பெண் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. முதுகலைப் பட்டமும் அதற்குள்ளேயே வந்துவிடும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் (டிஐஎஃப்ஆர்) இளங்கலை முடித்தவர்கள் சேரும் ஒருங்கிணைந்த பிஎச்.டி. உண்டு. கணிதத்திலோ இயற்பியலிலோ வேதியியலிலோ வலுவாக இருக்கும் பிள்ளை மூன்றாம் ஆண்டிலேயே இவற்றுக்கு முயல வேண்டும். இடம் கிடைத்துவிட்டால் நான்காம் ஆண்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மனிதவியல், சமூக அறிவியல் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட நேர்வழிகள் குறைவு. வரலாறு, சமூகவியல், அரசியல் அறிவியல் படிப்பவர் ஆராய்ச்சிக்குத்தான் போகிறார் என்றால் நான்காம் ஆண்டில் எழுதும் ஆய்வேடு அவர் கையில் இருக்கும் முதல் சான்றாகிறது. அவர்களுக்குத் தங்குவதே நல்லது என்பது என் கருத்து. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு, நெறியாளர்.

நெறியாளர் யார் என்பதே பாதி முடிவு

டெல்லி பாடத்திட்டத்தில் ஏழாவது, எட்டாவது செமஸ்டர்களில் ஆய்வேட்டுக்குத் தலா 6 கிரெடிட். மீதி 16 கிரெடிட் வகுப்புப் பாடங்கள்தான். மேஜரில் (முக்கியப் பாடத்தில்) ஒரு முதன்மைத் தாளும், விருப்பத் தாள்கள் மூன்றும். நான்காம் ஆண்டு முழுக்க ஆராய்ச்சி என்று நினைத்துத் தங்குபவர்கள் ஆகஸ்ட் கால அட்டவணையைப் பார்த்ததும் ஏமாந்துபோகிறார்கள்.

அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என் துறை நான்காம் ஆண்டில் எந்த விருப்பத் தாள்களை உண்மையில் நடத்தப் போகிறது என்பது. பாடத்திட்ட ஏட்டில் எட்டு பத்து தாள் இருக்கும். தங்கும் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் கல்லூரி இரண்டைத்தான் திறக்கும். உங்களுக்குத் தேவையான பொருளியல் அளவையியல் தாளோ, மேம்பட்ட இயற்கணிதத் தாளோ அந்த இரண்டில் இல்லையென்றால் ஆண்டின் பெரும்பகுதி வேண்டாத தாள்களில் கழியும். துறைத் தலைவரிடம் மார்ச் மாதமே போய்க் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது நெறியாளர். உங்கள் தலைப்புக்கு அருகில் ஆய்வு செய்தவரா, இந்த ஆண்டு எத்தனை மாணவர்களை எடுத்துக்கொள்கிறார், ஆண்டின் நடுவில் விடுப்பிலோ வேறு கல்லூரிக்கோ போகும் வாய்ப்பு இருக்கிறதா என்றெல்லாம் விசாரியுங்கள். தற்காலிக ஒப்பந்தத்தில் இருக்கும் ஆசிரியர் எவ்வளவு அருமையானவராக இருந்தாலும் அவருடைய ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறதென்றால் உங்கள் ஆய்வேடு ஜனவரியில் வேறு கைக்குப் போகும். வகுப்பில் நன்றாகப் பாடம் நடத்துபவர் எல்லாரும் ஆய்வை நன்றாக வழிநடத்துவார் என்பதும் இல்லை. அவரிடம் முன்பு திட்டப்பணி செய்த மூத்த மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். எழுதிக் கொடுத்த வரைவு எத்தனை நாளில் திருத்தத்தோடு திரும்பி வந்தது என்று கேளுங்கள். அந்த ஒரு பதில் போதும்.

அறிவியல் பிள்ளைகள் கருவி பற்றியும் கேட்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் இருப்பது இளங்கலைச் சோதனைகளுக்கான கருவிகள். மாதிரியை அளக்க வடக்கு வளாகத்தில் உள்ள பல்கலைக்கழகக் கருவி மையத்துக்கோ வேறு நிறுவனத்துக்கோ போக வேண்டியிருந்தால் அங்கே வரிசை உண்டு, கட்டணமும் உண்டு. வேதிப்பொருள் வாங்கக் கல்லூரியில் விலைப்புள்ளி கேட்டு, ஒப்புதல் வாங்கி, பொருள் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். இரண்டு செமஸ்டருக்குள் முடிக்க வேண்டிய வேலைக்கு இது தாங்காது. கருவி உறுதியாகாத நிலையில் கணக்கீடு சார்ந்த தலைப்பையோ, ஏற்கெனவே பொதுவில் உள்ள தரவை வைத்துச் செய்யும் தலைப்பையோ எடுப்பது புத்திசாலித்தனம்.

பொருளாதாரம் படிப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் நல்ல வசதி இருக்கிறது. 2017 முதல் நடக்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் தரவைப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் தரவும் பதிவு செய்து கேட்டால் கிடைக்கும். நேரில் போய்க் கேள்வித்தாள் கொடுத்துத் தரவு சேர்க்கும் திட்டத்தை விட இது பாதுகாப்பு. கேள்வித்தாள் திட்டங்கள் வழக்கமாக இப்படித்தான் கவிழும்: 300 பேர் என்று முன்மொழிவில் எழுதியிருப்பார்கள், கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் அக்டோபரில் வரும், தேர்வு வந்துவிடும், கடைசியில் நண்பர்கள் நிரப்பிய 60 கூகுள் படிவங்களை வைத்து முடிவுரை எழுதுவார்கள். அப்படிப்பட்ட ஆய்வேட்டைச் சேர்க்கைக் குழு ஒரு பக்கம் படித்தாலே புரிந்துகொள்ளும்.

தங்குவது என்று முடிவானால் வேலையை ஏழாவது செமஸ்டரில் தொடங்காதீர்கள். மே, ஜூன் விடுமுறையிலேயே தலைப்பைச் சுருக்கி, இரண்டு பக்க முன்மொழிவை நெறியாளருக்குக் கொடுத்துவிட வேண்டும். செப்டம்பருக்குள் முந்தைய ஆய்வுகளைப் படித்து முடித்து, டிசம்பருக்குள் தரவு முழுவதும் கையில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் பகுப்பாய்வு, மார்ச் இறுதியில் முழு வரைவு. ஏப்ரல் மாதம் திருத்தத்துக்கும், பிறர் எழுத்து நகலாக வந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்கும் மட்டும்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு இந்த முன்தொடக்கம் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். ஆகஸ்டில் நெறியாளரைச் சந்தித்தால் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது அவருக்கு உங்களை நான்கு மாதம்தான் தெரியும். மே மாதமே வேலை தொடங்கியிருந்தால் அவரால் ஒரு முடிந்த வேலையைப் பற்றி எழுத முடியும். சேர்க்கைக் குழு தேடுவது அதைத்தான்.

வெளிநாட்டு வாசல்கள் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல துறைகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நான்கு ஆண்டுப் படிப்பை எதிர்பார்க்கின்றன. மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கும் துறைகளும் உண்டு, ஆனால் ஒவ்வொன்றாகத் தேடி உறுதிசெய்ய வேண்டும். பிரிட்டனில் மூன்றாண்டுப் பட்டத்தோடு முதுகலைக்கு விண்ணப்பிப்பது சாதாரணம். ஜெர்மனியில் இளங்கலையே வழக்கமாக மூன்று ஆண்டு, 180 ஐரோப்பியக் கிரெடிட்தான். இருந்தாலும் சில முதுகலைப் படிப்புகள் 210 கேட்கின்றன, இந்திய மூன்றாண்டுப் பட்டத்தை எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே மாதிரி மதிப்பதும் இல்லை. நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் தேவை, அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். போக விரும்பும் ஆறு துறைகளின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்து, மூன்றாண்டுப் பட்டம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு துறைகள் நான்காண்டு கேட்டால் தங்குங்கள். ஏஜென்சிக்காரர் சொல்வதை இதற்கு ஆதாரமாக எடுக்காதீர்கள்.

மதிப்பெண்ணைத் தூக்கிவிடலாம் என்ற நம்பிக்கை

பலர் தங்குவதற்கு உள்ளுக்குள் வைத்திருக்கும் காரணம் இதுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லா செமஸ்டருக்கும் ஒரே கிரெடிட் எடை என்பதால் சராசரி எளிது. ஆறு செமஸ்டரில் சிஜிபிஏ (பத்துக்குக் கணக்கிடும் மொத்தத் தரச் சராசரி) 6.5 இருக்கிறது, கடைசி இரண்டிலும் 9 எடுத்துவிட்டீர்கள் என்று வைப்போம். ஆறரையை ஆறால் பெருக்கினால் 39, இரண்டு ஒன்பது 18, கூட்டினால் 57, எட்டால் வகுத்தால் 7.125. அவ்வளவுதான் ஏறும். பிஎச்.டி.க்கு மொத்தத்தில் 75 விழுக்காடு வேண்டும் என்பவர் இப்போது 72இல் இருந்தால் மீதி இரண்டு செமஸ்டரிலும் 84 எடுக்க வேண்டும். 70இல் இருந்தால் 90. இதுவரை ஒரு செமஸ்டரில்கூட 80ஐத் தொடாதவர் ஆய்வேட்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு 90 எடுப்பது நடக்கக்கூடிய காரியமா என்று அவரே யோசிக்கட்டும்.

குடிமைப் பணித் தேர்வுக்காகத் தங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. யூபிஎஸ்சிக்கு எந்தப் பட்டமும் போதும், இறுதியாண்டில் இருக்கும்போதே முதனிலைத் தேர்வு எழுதலாம். ஹாஸ்டலும் நூலகமும் கிடைக்கும் என்பதற்காகத் தங்குகிறவர்களை வருகைப் பதிவு விதி பிடித்துவிடும். டெல்லியில் மூன்றில் இரண்டு பங்கு வகுப்புக்கு வர வேண்டும். பழைய ராஜிந்தர் நகர்ப் பயிற்சி வகுப்பையும் வடக்கு வளாகத்தில் காலை எட்டரை மணி வகுப்பையும் சேர்த்து ஓட்டினால் இரண்டும் கெடும். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, கேட் எழுதி மேலாண்மை, மூன்றாண்டுச் சட்டப் படிப்பு ஆகிய எதற்கும் நான்காம் ஆண்டு தேவையில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் வளாகத் தேர்வு அலுவலகத்தில் ஐந்தாவது செமஸ்டர் தொடங்கும்போதே மூன்றாம் ஆண்டோடு கிளம்புவதாகப் பதிவு செய்துவிட வேண்டும். மனம் மாறலாம் என்று இழுத்தடித்தால் இறுதியாண்டுப் பட்டியலில் பெயர் வராமல் போகும்.

பணம்

கல்லூரிக் கட்டணம் மட்டும் செலவு என்று நினைக்காதீர்கள். கட்டணம், பத்து மாத வாடகை, சாப்பாடு, ஊருக்குப் போய்வரும் ரயில் செலவு எல்லாம் ஒரு பக்கம். அந்த ஆண்டில் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம் இன்னொரு பக்கம். மாதம் 20,000 என்று குறைத்து வைத்தாலும் 2,40,000. கல்லூரி ஹாஸ்டலில் நான்காம் ஆண்டுக்கு இடம் உண்டா என்பதை ஆறாவது செமஸ்டருக்குள் விடுதிக் காப்பாளரிடம் கேளுங்கள். மூன்று ஆண்டுக்குக் கணக்கிட்டுக் கட்டிய விடுதிகள் புதிதாக வரும் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம் தரும். வெளியே தனியார் தங்குமிடம் (பிஜி) தேட வேண்டி வந்தால் மொத்தக் கணக்கும் மாறும்.

கல்விக்கடன் எடுத்தவர்கள் ஒப்புதல் கடிதத்தை எடுத்து, படிப்புக்காலம் மூன்று என்று எழுதியிருக்கிறதா நான்கு என்றா என்று பாருங்கள். திருப்பிச் செலுத்தும் காலம் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு தொடங்கும். மூன்று என்று இருந்தால் நான்காம் ஆண்டில் நீங்கள் வகுப்பில் இருக்கும்போதே அந்த ஓராண்டு ஓடிக் கரைந்துவிடும், எட்டாவது செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு தவணை கேட்டு வங்கியிலிருந்து அழைப்பு வரும். கல்லூரியிடம் தொடர்ச்சிச் சான்று வாங்கி, கிளைக்கு எழுதிக் கொடுத்து, படிப்புக்காலத்தை நீட்டித்த கடிதத்தைக் கையில் வாங்க வேண்டும். வாய்வார்த்தை போதாது. நிலுவை 3,00,000, வட்டி 10 விழுக்காடு என்றால் கூடுதல் ஓராண்டுக்கு வட்டி மட்டும் 30,000.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை இளங்கலையின் முதல் மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு 12,000, முதுகலைக்கு 20,000 என்று வகுக்கப்பட்டது. நான்காம் ஆண்டில் புதுப்பித்தல் உண்டா, எந்தத் தொகையில் என்பதைக் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் எழுத்தாகக் கேட்டுப் பெறுங்கள். சாதி, வருமான அடிப்படையில் வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களும் இதைச் செய்ய வேண்டும். இந்தப் பணம் வரும் என்று நம்பித் தங்கிவிட்டு, டிசம்பரில் வராது என்று தெரிந்தால் பாதியில் எழுந்து வர முடியாது.

இரண்டு கதவையும் திறந்து வைப்பது

ஜாம் விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். க்யூட் முதுகலைத் தேர்வு மார்ச் வாக்கில். எல்லாமே ஆறாவது செமஸ்டர் முடிவு வருவதற்கு முன்பே கடந்துவிடும். ஆகவே தங்குவதா கிளம்புவதா என்று தெரியாதவர்களும் இவற்றுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். நல்ல இடம் கிடைத்தால் கிளம்பலாம், கிடைக்காவிட்டால் ஏழாவது செமஸ்டர் காத்திருக்கிறது. விண்ணப்பிக்காமல் தங்குகிறவருக்கு ஜூலையில் தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது.

கிளம்பிவிட்டுப் பிறகு திரும்பி வரலாம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. முதல் அல்லது இரண்டாம் ஆண்டோடு சான்றிதழ், டிப்ளமோ வாங்கிப் போனவர்கள் மூன்று ஆண்டுக்குள் திரும்பலாம், மொத்தம் ஏழு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் விதி. பட்டமே வாங்கிக்கொண்டு போனவர் நான்காம் ஆண்டுக்குத் திரும்பும் வழியை உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிமுறைகளில் தேடிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். விதிகள் மாறும் என்பதற்கும் டெல்லியிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2013இல் அங்கே தொடங்கிய நான்காண்டுத் திட்டம் 2014 ஜூனில் திரும்பப் பெறப்பட்டது, சேர்ந்திருந்த பிள்ளைகள் மூன்றாண்டுக்கு மாற்றப்பட்டார்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டம், அறிவிப்புகள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பழகிய விஷயம். மூன்றாண்டுப் பொதுப் பட்டம் 90 கிரெடிட், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 120 என்பது அங்கே தகைமைச் சட்டகத்திலேயே உண்டு. ஆனால் அங்கே சிறப்புக் கற்கைக்கான தெரிவு முன்கூட்டியே, பெறுபேற்றின் அடிப்படையில் நடந்துவிடும். டெல்லியில் போல மூன்றாம் ஆண்டின் இறுதிவரை யோசிக்க அவகாசம் கிடையாது.

கிளம்புவது என்று முடிவெடுத்தவர்கள் ஆறாவது செமஸ்டர் தொடங்கும்போதே கிரெடிட்டைச் சரிபார்க்க வேண்டும். மொத்தம் 132 வந்துவிட்டதா என்று மட்டும் பார்ப்பது போதாது, ஒவ்வொரு வகையிலும் தேவையான அளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது செமஸ்டரில் போன 2 கிரெடிட் மதிப்புக்கூட்டுத் தாள் ஒன்று அரியராக நின்றாலும் பட்டம் வராது. டிஜிலாக்கரில் கல்விக் கிரெடிட் வங்கிக் கணக்கைத் திறந்து ஆறு செமஸ்டரும் ஏறியிருக்கிறதா, பெயரின் எழுத்துக்கூட்டு பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பெயர்களில் இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் விரிந்தும் சுருங்கியும் வருவதால் தடங்கல் அடிக்கடி வரும், அதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும். தமிழ்நாட்டில் முதுகலை சேர்பவர்கள் தற்காலிகச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்களோடு இடப்பெயர்வுச் சான்றிதழையும் டெல்லியை விட்டுக் கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வெளிமாநிலப் பட்டத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்கும் பல்கலைக்கழகமாக இருந்தால் அதற்கு இந்த மூன்றும் வேண்டும், சேர்க்கைக்கான அவகாசம் பெரும்பாலும் சில வாரங்கள்தான்.